லோர்ன் டீவன்ஸுக்குக் களைப்பாக இருந்தது

இப்போது பனி ஹாக்கி ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு நிமிஷம் பனியில் ஓடுகிறான், மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்குப் பதில் இன்னொருவன் குதிக்கிறான். உட்கார்ந்தவனுக்குப் போர்வை வேறு போர்த்துகிறார்கள். இதற்குச் சம்பளம், கைதட்டல், பத்திரிகையில் படம்! எங்கள் காலத்தில் பெஞ்சே கிடையாது. ஏழு பேர் இறங்கினால் அந்த ஏழு பேரும் முழு ஒரு மணி நேரம் ஆடித் தீர்க்க வேண்டும். சம்பளம் என்ற பேச்சை எடுத்தாலே போச்சு, ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அப்படிப் பதினாலு குளிர்காலம் ஆடியவன் லோர்ன் டீவன்ஸ். அவன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனிமேல் அவனைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு ஒரு தொந்தரவும் வராது.

நான் அம்புரோஸ் கீஸ். கில்மோரன் ஊரில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிச் சவரக் கடை வைத்திருக்கிறேன். போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் பிற்பகலில் கடையைப் பூட்டிவிட்டுக் கோல் நடுவராக நிற்பேன். அப்போதெல்லாம் கோலுக்கு வலை கிடையாது. ஆறடி இடைவெளியில் இரண்டு கம்பம், அவற்றுக்குப் பின்னால் மேல்கோட்டும் கம்பளி பூட்ஸுமாக நான், அவ்வளவுதான். ரப்பர் வட்டு கம்பங்களுக்கு நடுவே போனால் நான் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்குவேன். தூக்கிவிட்டால் தூக்கியதுதான். கடவுளே இறங்கி வந்து இல்லை என்றாலும் அது கோல்தான்.

லோர்னும் நானும் ஒரே தெரு. பதினொரு வயதில் அவனைக் கம்பளி ஆலையின் சாயப் பட்டறையில் சேர்த்தார்கள். அன்றைக்கு நீலமான கை பிறகு வெளுக்கவே இல்லை. முழங்கை வரைக்கும் நீலம். கல்யாணத்தன்று மோதிரம் போடக் கையை நீட்டினான். வயசான பாதிரியார் உற்றுப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, குளிர்ல விரைச்சுப் போச்சாப்பா?" என்று அவன் கையைத் தேய்த்துவிட ஆரம்பித்துவிட்டார். மணப்பெண்ணாக நின்ற எஃபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோயில் முழுக்கச் சிரித்தது.

ஆட்டத்தில் அவனுடைய இடம் கோல்காரனுக்கு முன்னால். பெரிய ஓட்டக்காரன் இல்லை, கோல் போட்டு நான் பார்த்ததும் இல்லை. ஆனால் வருகிறவனை மறித்து நிற்பான் பாருங்கள், அவனைத் தாண்டிப் போக முடியாது. நெஞ்சில் இடித்தாலும் முட்டியில் மட்டையால் அடித்தாலும் நகர மாட்டான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பட்டறையில் சாயக் கொப்பரை முன்னால் நிற்பான். மாதா கோயிலில் நின்றபடியே தூங்குவான். என் கடை நாற்காலியில் சோப்பு நுரை போடுவதற்குள் குறட்டை வந்துவிடும்.

அவனுக்கு ஆட்டத்தில் ஆசை இருந்ததா என்று கேட்டால், முதல் நாலைந்து வருஷம் இருந்திருக்கும். அப்புறம் இல்லை. வருஷா வருஷம் நவம்பரில் விட்டுவிடுகிறேன் என்பான். ஆலை முதலாளி மிஸ்டர் இன்ஸ்கிப்தான் எங்கள் ஹாக்கி கிளப்புக்கும் தலைவர். அவர் நேராகப் பட்டறைக்கே வந்து நிற்பார்.

"என்னப்பா லோர்ன், இலையெல்லாம் கொட்டிடுச்சு. இன்னும் பத்து நாள்ல ஆறு உறைஞ்சிடும், என்ன?"

"இந்த வருஷம் என்னால ஆகாதுங்க. உடம்பு கேக்கல."

"சரி சரி, இந்த ஒரு வருஷம் மட்டும். ஆளு பாத்துட்டேன், அடுத்த வருஷம் உன்ன விட்டுடறேன்."

முதலாளி அப்படிச் சொன்னால் கூலிக்காரன் என்ன செய்வான்? தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். எஃபி சட்டியை ணங்கென்று அடுப்பில் வைப்பாள். "இன்ஸ்கிப்போட ஒரு வருஷம் பதினாலு வருஷமா ஓடுது! உனக்கு வாய் இல்லையா லோர்ன்? இல்ல அதுக்கும் சாயம் போட்டுட்டாங்களா?" என்பாள். அவன் உட்கார்ந்து, பனியில் சறுக்கும் ஸ்கேட்டின் இரும்பைத் தீட்டுவான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷக் குளிர்காலம் மோசமானது. வடமேற்கே தங்கம் தோண்டக் கிளம்பிப் போனவர்களுக்கெல்லாம் கம்பளி வேண்டும் என்று ஆலைக்கு ஆர்டர் குவிந்தது. இராத்திரி ஒன்பது வரை வேலை. லோர்னுக்கு முப்பத்து நாலு வயது. கன்னம் ஒட்டிப்போய், இருமிக்கொண்டு, ஐம்பது வயதுக்காரன் மாதிரி இருந்தான். அந்த வருஷம் பார்த்து எங்கள் அணி பள்ளத்தாக்குக் கோப்பையின் கடைசிப் போட்டி வரைக்கும் போய்த் தொலைத்தது. லோர்ன்தான் கேப்டன். எதிரணி, ஆற்றுக்கு மேலண்டையில் உள்ள ஆர்டன்வேல் ஊர்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் ஊரே, தண்ணீரை உறையவிட்டு ஆடுகிற பனிக் கொட்டகைக்கு வந்துவிட்டது. லோர்ன் சாப்பிடவில்லை. கையில் ஒரு ரொட்டித் துண்டோடு ஸ்கேட் வாரை இழுத்துக் கட்டினான்.

"என்னடா, எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"படுத்தா போதும்னு இருக்கு அம்புரோஸ்," என்றான்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. சமனாக நின்றால் அந்தக் காலத்து விதி, யாராவது ஒரு கோல் போடும் வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று. சன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் கால் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. லோர்ன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

அப்போது ஆர்டன்வேல்காரன் ஒருவன் களத்தைச் சுற்றி அடித்த பலகையில் மோதி விழுந்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். அப்படியானால் நாங்களும் ஆறு பேரோடுதான் ஆட வேண்டும். அது விதிப் புத்தகத்தில் இருந்ததோ இல்லையோ, மரியாதை. எங்களில் யார் வெளியே போவது என்று எங்கள் கேப்டன் சொல்ல வேண்டும். இருக்கிறவர்களில் உதவாக்கரை எவனோ அவனை அனுப்புவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம்.

எங்கள் உதவாக்கரை யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹெர்பர்ட் ஸ்னெடன். அவன் அப்பாவுக்குத்தான் அந்தக் கொட்டகையே சொந்தம், அதனால் அணியில் இருந்தான். அவனுக்கே அது தெரியும். யாரும் சொல்வதற்கு முன்னால் பலகைப் பக்கம் போய் ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான்.

"ஹெர்பர்ட், நீ உள்ள வா," என்றான் லோர்ன்.

"என்னது?"

"நீ ஆடு. நான் போறேன்."

கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "டேய் லோர்ன், புத்தி கெட்டுப் போச்சாடா?" "வெளிய வராதடா பாவி!" இன்ஸ்கிப் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். லோர்ன் யாரையும் பார்க்கவில்லை. பலகையைத் தாண்டினான். என் பக்கத்து மூலையில், கோல் கம்பத்துக்கு நேராகப் பலகையில் சாய்ந்து நின்று கண்ணை மூடினான்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆர்டன்வேல்காரன் ஒருவன் லோர்ன் நிற்க வேண்டிய இடத்தின் வழியாகவே ஓடி வந்தான். ஹெர்பர்ட் மறிக்கப் போய் மல்லாந்து விழுந்தான். வந்தவன் ஓங்கி அடித்தான். எங்கள் கோல்காரன் வெண்டல் பாய்ந்தான். அவன் ஸ்கேட்டிலிருந்து பொடிப்பனி மொத்தமும் என் முகத்தில் அடித்தது. கண்ணை மூடித் திறந்தேன். வட்டு எனக்குப் பின்னால் கிடந்தது. கை தானாகக் கைக்குட்டையைத் தூக்கிவிட்டது.

"வெளிய! வெளிய போச்சு!" என்று வெண்டல் கத்தினான். கோல்காரர்கள் எப்போது அப்படிக் கத்தாமல் இருந்திருக்கிறார்கள்? யாரும் காது கொடுக்கவில்லை. சொந்த ஊருக்கு எதிராகவே கை தூக்கியவன் பொய் சொல்வானா என்று நினைத்தார்கள். ஆர்டன்வேல்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி ரயிலைப் பிடிக்க ஓடினார்கள்.

கூட்டம் கலைந்ததும் குனிந்து பார்த்தேன். பொடிப்பனியில் வட்டு வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. கம்பத்துக்கு வெளியே. அந்த நிமிஷமே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூட்ஸ் காலால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தேன்.

என் கடைச் சன்னலில் கல் விழும் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். விழவில்லை. அத்தனை கல்லும் லோர்ன் வீட்டுக்குப் போயிற்று.

அவன் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றார்கள். பந்தயம் கட்டுகிறவன் ஒருவனை ஹோட்டலில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். எஃபிக்குப் புது நீலக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று அடுத்தவன் கேட்டான். ஆலையில் கழித்துப் போட்ட துணியை வாங்கி, லோர்னே சாயம் ஏற்றி, எஃபி தன் கையால் தைத்த கோட்டு அது. தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டார்கள். எஃபி அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தவள், அதற்கப்புறம் பழைய சால்வையோடுதான் கோயிலுக்கு வந்தாள்.

மார்ச்சில், போட்டிகளை நடத்தும் ஆட்டச் சங்கத்தார் லோர்னை ஒட்டாவாவுக்கு வரச்சொல்லி எழுதினார்கள். லோர்ன் காசு வாங்கியிருந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அதோடு ஊரில் அவனுடைய நல்ல பெயரும் போய்விடும். சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். ரயிலில் போகும்போது முழுவதும் அவன் தூங்கினான். நான் ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். ஒருத்தர் கையிலும் ஒரு காய்ப்பு இல்லை.

"மிஸ்டர் டீவன்ஸ், நீங்க ஏன் வெளிய வந்தீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"களைச்சுப் போச்சுங்க."

"எல்லாருந்தான் களைச்சிருப்பாங்க."

"இருக்கலாங்க."

"அது கடைசிக் கட்டம். அது தெரியுமில்ல உங்களுக்கு?"

"அதனாலதாங்க களைச்சுது."

பல் டாக்டர் சிரித்துவிட்டார். "காசு வாங்கினீங்களா?" என்று மறுபடி வக்கீல்.

"இல்லீங்க."

"அப்ப வேற காரணம் சொல்லுங்க. நம்புற மாதிரி சொல்லுங்க."

"வேற காரணம் இல்லீங்களே," என்றான் லோர்ன். அவன் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அவன் எத்தனை களைத்திருந்தான் என்று பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பாங்கிக்காரர் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் கீஸ், அந்தக் கோல்ல ஏதாவது சந்தேகம் உண்டா?"

இல்லை, அது கோலே இல்லை என்று சொன்னால் தோல்வியே இல்லாமல் போகும். விற்றான் என்ற பேச்சும் செத்துவிடும். ஆனால் ஊரில் என் முகத்தில் எவன் முழிப்பான்? தடத்தை அழித்தவனிடம் கழுத்தை நீட்டி எவன் சவரம் செய்துகொள்வான்?

"கோல்தாங்க," என்றேன்.

லோர்ன் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயுள் முழுக்க எந்தச் சங்க ஆட்டத்திலும் ஆடக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்தார்கள்.

இன்ஸ்கிப் அவனைச் சாயப் பட்டறையிலிருந்து தூக்கிக் கம்பளி அலசும் கொட்டகையில் போட்டார். கூலி குறைந்தது. சுடுகிற சோடாக்காரத் தண்ணீரில் நாளெல்லாம் கையை விட்டுக்கொண்டிருந்ததில் இரண்டே வருஷத்தில் நீலம் போய்விட்டது. அவன் கையின் சொந்த நிறம் என்ன என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஊர் வைத்த பட்டப்பேர் மட்டும் போகவில்லை. தூங்குமூஞ்சி டீவன்ஸ். ஆட்டத்தைப் பார்த்தேயிராத பொடிசுகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மற்ற கடைகள் இருந்தும் சனிக்கிழமைதோறும் என்னிடமேதான் வந்தான். பதினைந்து வருஷம் அந்தக் கழுத்தில் கத்தி வைத்தேன், ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. கோழை என்றால் என்னை மாதிரிக் கோழை கிடையாது.

பதினைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். லோர்ன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினான், நான் நுரை போட்டேன். நெசவுப் பிரிவு கோர்மன் என்பவன் பெரிய குரலில், "டீவன்ஸ், சவரத்துல பாதில எந்திரிச்சுப் போயிடாதய்யா! மிச்சத்த ஹெர்பர்ட் வந்து பண்ணிக்கணும்!" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோர்னும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கத்தி மொண்ணையாயிடுச்சு, அப்புறம் வாங்க எல்லாரும்," என்று அத்தனை பேரையும் வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

"லோர்ன், அது கோல் இல்லடா."

"எது?"

"தொண்ணூத்தெட்டுல, ஆர்டன்வேல். வட்டு வெளிய போச்சுடா. ஒரு சாண் வெளிய."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. நுரைக்குள்ளிருந்து, "ஒரு சாண் இல்ல. நாலு விரல்," என்றான்.

கத்தியைக் கீழே வைத்தேன். "நீ பாத்தியா?"

"கம்பத்துக்கு நேராத்தானே நின்னேன். சத்தம் கேட்டுக் கண்ணத் தொறந்தேன், நல்லாத் தெரிஞ்சுது. அப்புறம் நீ காலால தேய்ச்சதையும் பாத்தேன்."

"அடப் பாவி! அப்ப ஏன்டா வாயத் தொறக்கல? ஊரே காறித் துப்புச்சே! ஒட்டாவாலயாவது சொல்லியிருக்கலாமே, என்னைய மாட்டிவிட்டிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"கோல் இல்லன்னு ஆகியிருக்கும்!"

"இல்லன்னு ஆனா மறுபடி ஆடணுமேடா," என்றான். "நீ அந்தக் கைக்குட்டையத் தூக்கினப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, வீட்டுக்குப் போலாம்னு தோணுச்சு. அவ்ளோதான். ஒட்டாவாலயும் அதேதான். கோல் இல்லன்னா போட்டிய திரும்ப வைப்பானுங்க. நவம்பர் வந்தா இன்ஸ்கிப் வந்து நிப்பார். நீ கோல்தான்னு சொன்ன பாரு, உன்னக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. இனிமே ஆடாதன்னு எழுதியே குடுத்துட்டானுங்க. அந்தக் காகிதத்த எஃபி அடுப்புல போடப் போனா. நான் புடுங்கி வச்சுகிட்டேன். இன்னும் வச்சிருக்கேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன். நுரை அவன் முகத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"எஃபி அந்தக் கோட்டப் போடாமயே விட்டுட்டா," என்றான். "அது ஒண்ணுதான். இவ்ளோ ஆகும்னு நான் நெனைக்கல."

"இப்பவே போயி ஊர் பூராச் சொல்லிடறேன்டா. பாலத்து மேல நின்னு சொல்றேன்."

"சொல்லித் தொலைச்சுடாத!" கண்ணைத் திறந்து நிஜமான பயத்தோடு என்னைப் பார்த்தான். "மறுபடியும் ஆடணும்பானுங்க."

"உனக்கு நாப்பத்தொன்பது வயசுடா."

"இன்ஸ்கிப்ப உனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தான். காய்ந்த நுரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். நான் முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. கோர்மன். தொப்பியை விட்டுவிட்டுப் போயிருந்தான். நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அட, தூங்குமூஞ்சி..." என்று ஆரம்பித்தான்.

தொப்பியை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தேன்.

"கத்தாதடா," என்றேன். "அவன் களைச்சுப் போயிருக்கான்."